சிங்க்குக்கு அடியில் நான்கு கருவிகள், ஒரே பிளக் பாயிண்ட், ஒரே ஆங்கிள் வால்வு: எப்படிப் பிரிப்பது?

மேடைக்கீழ் (கேள்வி)

சிங்க் கேபினட்டின் அகலம் 90 செ.மீ. அதற்குள்ளும் அதை ஒட்டியும் இருப்பவை இவை:

டிஷ்வாஷர், 2000 வாட் (பக்கத்துக் கேபினட்டில்)
15 லிட்டர் வாட்டர் ஹீட்டர், 3000 வாட்
ஆர்.ஓ. சுத்திகரிப்பான், 24 வோல்ட் அடாப்டருடன், சுமார் 60 வாட்
உணவுக்கழிவு அரைக்கும் டிஸ்போசர், 550 வாட் (வாங்கியாயிற்று, இன்னும் மாட்டவில்லை)

மின்சாரம் 230 வோல்ட். கேபினட்டுக்குள் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றுதான். அதற்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி வருகிறது, போர்டில் சி டைப் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சுமை மிஞ்சினால் தானே விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்). சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு மூன்றும் ஓடுகின்றன. தண்ணீருக்கு அரை இஞ்ச் ஆங்கிள் வால்வு ஒன்று. அதில் டீ (ஒரு வாயை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) மேல் டீ போட்டுப் பிரித்திருக்கிறது. மேல்தொட்டியின் நீர்மட்டம் இந்த வால்விலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கழிவுக்கு 40 மி.மீ. குழாய், பாட்டில் ட்ராப் (சாக்கடை நாற்றம் ஏறாமல் நீர் தேங்கி நிற்கும் கிண்ணம்).

பிரச்சினைகள் மூன்று.

1. டிஷ்வாஷரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் எம்.சி.பி. விழுகிறது. ஆனால் உடனே இல்லை. சில நாள் பத்து நிமிடத்தில், சில நாள் விழுவதே இல்லை. எம்.சி.பி. பழுதா? 25 ஆம்பியராக மாற்றினால் போதுமா?

2. ஆர்.ஓ. தொட்டி நிரம்பும் நேரத்தில் டிஷ்வாஷர் 'தண்ணீர் வரவில்லை' என்று எரர் காட்டி நிற்கிறது.

3. டிஷ்வாஷர் ஓடாத நாளிலும் அதன் உள்ளே அடித்தட்டில் தண்ணீர் தேங்குகிறது.

டிஸ்போசரை மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

---

ஸ்பேனர்12

எம்.சி.பி.யை 25 ஆக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. 2.5 ஸ்கொயர் கம்பி 25 ஆம்பியர் தாங்கும்.

---

கம்பிச்சுருள்

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். ஏனென்று கணக்கோடு சொல்கிறேன்.

டிஷ்வாஷர் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். ஹீட்டர் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். ஆர்.ஓ. அரை ஆம்பியர்கூட வராது. ஆக 22 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி.யின் அளவைப்போல் ஏறக்குறைய 1.37 மடங்கு.

வீட்டு எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60898. அதன்படி 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடேறி வளைய நேரம் எடுக்கும். போர்டு ஏற்கெனவே சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் தாமதம். இன்னொன்றையும் பாருங்கள்: 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏற்ற 3000 வாட்டுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் தெர்மோஸ்டாட் அறுத்துவிடும். டிஷ்வாஷரும் முழு நேரமும் 2000 வாட் இழுக்காது, தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் மட்டும்தான். இரண்டு சூடாக்கலும் எவ்வளவு நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் சில நாள் விழுகிறது, சில நாள் இல்லை. எம்.சி.பி. பழுதே இல்லை, ஒழுங்காக வேலை செய்கிறது.

இப்போது 25 ஆம்பியர் போட்டால் என்ன ஆகும்? 25-இன் 1.45 மடங்கு 36. அதாவது 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்கலாம். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 ஸ்கொயர் கம்பி, எப்படிப் பதித்திருக்கிறது என்பதைப் பொறுத்து, சுமார் 20 முதல் 24 ஆம்பியர் தாங்கும். அதைவிட முக்கியம், உங்கள் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக்கும் 16-க்குச் செய்தவை. எம்.சி.பி. விழாத நாட்களில் அந்த ஒரே பிளக் வழியாகத்தான் 22 ஆம்பியர் போகிறது. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி அதன் முனைகளையும் சாக்கெட்டின் துளைகளையும் பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்ட வேண்டாம்.

சரியான வழி: ஹீட்டருக்குப் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும், ஏனென்றால் 13 ஆம்பியர்தான். அதைப் பிளக்கில் விடாமல் இரு துருவ சுவிட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுப்பது) வழியாக நேரடியாக இணைப்பது நல்லது. மற்ற மூன்றும் பழைய லைனிலேயே இருக்கலாம்: 8.7, அரை, டிஸ்போசர் மூன்று, மூன்றரை என்று 13-க்குள் அடங்கிவிடும். டிஸ்போசர் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்று பயப்பட வேண்டாம். அது ஒரு வினாடிக்கும் குறைவு, 20 ஆம்பியர் அளவு. சி டைப் 16 ஆம்பியர் உடனடியாக விழ 80 ஆம்பியராவது வேண்டும்.

நான்கு கருவிக்கு நான்கு லைன் என்று யாராவது சொன்னால் தேவையில்லை. இரண்டு போதும். ஆனால் எக்ஸ்டென்ஷன் போர்டு போக வேண்டும், அதன் இடத்தில் சுவரிலேயே மூன்று சாக்கெட் வர வேண்டும்.

---

மேடைக்கீழ்

பிளக்கின் ஒரு முனை பழுப்பேறித்தான் இருக்கிறது. இப்போதே கழற்றிவிட்டேன். தனி லைன் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும் போலிருக்கிறது, பைப்பில் இடமில்லை. வேறு வழி உண்டா?

---

கம்பிச்சுருள்

இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஹீட்டரை 1200 வாட் உள்ளதாக மாற்றுவது. 5.2 ஆம்பியர்தான். டிஷ்வாஷரோடு சேர்த்தாலும் 14. டிஸ்போசர் அரை நிமிடம் ஓடினால் 18 தொடும், அது எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே இல்லை. 15 லிட்டர் சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். பாத்திரம் கழுவத்தானே, எனக்கு இதுதான் பிடித்த தீர்வு.

இரண்டு, தேர்வு சுவிட்ச். நடுவில் 'ஆஃப்' உள்ள, இரு துருவ, 25 ஆம்பியர் சுழல் சுவிட்ச். ஒரு பக்கம் திருப்பினால் ஹீட்டர், மறுபக்கம் டிஷ்வாஷர். இரண்டும் ஒருசேர ஓடவே முடியாது. டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மறந்துபோய்த் திருப்பினால் பாதியில் நிற்கும். பெரும்பாலான மெஷின்கள் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவும் வேண்டாமென்றால் முன்னுரிமை ரிலே இருக்கிறது. டிஷ்வாஷர் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, அது அதிகமானால் ஹீட்டரைத் தானே அறுத்து, குறைந்தால் சேர்க்கும். போர்டில் இரண்டு மாட்யூல் இடம் வேண்டும். ஆனால் ரிலே போட ஹீட்டருக்குத் தனிக் கம்பி வேண்டும் என்பதால் அளக்கும் பகுதியையும் ரிலேவையும் கேபினட் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். ஈரம் படாத இடமாகப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் உடனே அறுப்பது) அல்லது ஆர்.சி.பி.ஓ. (அதோடு எம்.சி.பி.யும் சேர்ந்தது) இந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இடம் இது. தனி லைன் இழுத்து இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. போட்டால் நியூட்ரல்களைக் கலந்துவிடாதீர்கள். கலந்தால் ஏதாவது ஒரு கருவியைப் போட்டதுமே விழும், கருவியில் கசிவு என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

---

முக்கால்இஞ்ச்

தண்ணீர்ப் பக்கம் நான் சொல்கிறேன். ஆர்.ஓ.வின் மேல் பழி போடுவதை முதலில் நிறுத்துங்கள். வீட்டு ஆர்.ஓ. மணிக்கு 10, 15 லிட்டர் நல்ல தண்ணீர் தரும். கழிவோடு சேர்த்து 60 லிட்டர் என்றே வைத்தாலும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான். அது இழுப்பதால் டிஷ்வாஷர் பட்டினி கிடக்காது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வரத்தைக் கடைசியாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே.

6 மீட்டர் உயரம் என்றால் தோராயமாக 0.6 பார் (அழுத்தத்தின் அலகு). பல டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும், சில 0.3-இலேயே ஒப்புக்கொள்ளும். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஆனால் 0.6 என்பது தண்ணீர் நிற்கும்போது. ஓடும்போது ஒவ்வொரு டீயும், ஒவ்வொரு ஹோஸும் கொஞ்சம் தின்னும். 

வாளி வைத்துப் பாருங்கள். டிஷ்வாஷருக்குப் போகும் ஹோஸை மெஷின் பக்கம் கழற்றி, வாளியில் ஒரு நிமிடம் விட்டு அளக்கவும். பிறகு டீக்களையெல்லாம் கழற்றி ஆங்கிள் வால்விலேயே நேராக அந்த ஹோஸை மாட்டி மறுபடி அளக்கவும். பல கையேடுகள் நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் என்கின்றன. கழற்றும்போது ஹோஸ் வந்து சேரும் இடத்தில் சிறு வலை இருக்கும், அதை இடுக்கியால் இழுத்துக் கழுவிவிட்டு மாட்டுங்கள். ஹோஸின் முனையில் கனமான பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அதற்குள் மின்வால்வு உண்டு. அதைத் தண்ணீரில் முக்கவோ ஹோஸை வெட்டி நீட்டவோ கூடாது.

---

மேடைக்கீழ்

அளந்தேன். டீக்களோடு 4 லிட்டர். வால்வில் நேராக மாட்டினால் 11 லிட்டர். வலையில் மணல் கொஞ்சம் இருந்தது. தகட்டில் 0.5 முதல் 10 பார் என்றிருக்கிறது.

---

முக்கால்இஞ்ச்

அப்படியானால் குற்றவாளி டீதான். வெளியே அரை இஞ்ச் மரை இருக்கும், உள்ளே துளை 6, 7 மி.மீ. இருக்கும். அப்படி மூன்று வரிசையாக இருந்தால் வரத்து இப்படித்தான் ஆகும்.

இப்படி மாற்றுங்கள். ஆங்கிள் வால்வைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து வரும் அரை இஞ்ச் மரையில் முழுத் துளை பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறப்பது) ஒன்று. அதற்கு அடுத்து வலை வடிகட்டி. அதற்கு அடுத்து நான்கு வாய் பித்தளை மேனிஃபோல்டு (ஒரே வரத்தைப் பல வாய்களுக்குப் பிரிக்கும் குழாய்), ஒவ்வொரு வாய்க்கும் கால் சுற்றில் திறந்து மூடும் தனி வால்வு. வரிசை முக்கியம்: முதல் வாய் டிஷ்வாஷருக்கு முக்கால் இஞ்ச் மரையோடு, அடுத்தது சிங்க் குழாயின் குளிர்நீர், மூன்றாவது ஹீட்டர், கடைசியில் ஆர்.ஓ. கால் இஞ்ச் டியூப். எல்லாமே மேனிஃபோல்டில் ஒரே அழுத்தத்தில் நிற்பதால் ஒன்று மற்றொன்றின் டீக்குப் பின்னால் காத்திருக்காது. ஒரு கருவி பழுதானால் அதன் வாயை மட்டும் மூடலாம்.

டெஃப்லான் டேப் எங்கே சுற்றுவது என்பதில்தான் பாதிக் கசிவு பிறக்கிறது. மரையே அடைக்கும் இடத்தில், அதாவது சுவர் மரையிலும் மேனிஃபோல்டின் நுழைவாயிலும் சுற்றுங்கள், மரை திரும்பும் திசையிலேயே, எட்டுப் பத்துச் சுற்று. உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும் ஹோஸ் நட்டுக்கு டேப் வேண்டாம். அங்கே வாஷர்தான் அடைக்கிறது. கையால் இறுகும் வரை திருப்பி, ஸ்பேனரால் கால் சுற்று, போதும். பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனரே வேண்டாம். இறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, சில மாதம் கழித்து ஒரு நடு இரவில் விரியும்.

ஆர்.ஓ. டியூபைக் கத்தரியால் நசுக்கி வெட்டாதீர்கள். பிளேடால் செங்குத்தாக வெட்டி, முட்டும் வரை, ஒன்றரை செ.மீ. அளவு, உள்ளே தள்ளி, இழுத்துப் பார்த்து, பூட்டுக் கிளிப்பைப் போடவும். ஹீட்டரின் வெந்நீர்க் குழாயை அது தொடக்கூடாது. வெந்நீர் எந்த வழியிலும் ஆர்.ஓ.வுக்குள் போகவும் கூடாது. அதன் வடிகட்டும் சவ்வு (மெம்பிரேன்) 45 டிகிரிக்கு மேல் தாங்காது.

அழுத்தம் போதவில்லை என்று லைன் முழுவதற்கும் பிரஷர் பம்பு வைக்கும் யோசனை யாராவது சொல்வார்கள். உங்கள் 11 லிட்டருக்குத் தேவையே இல்லை. வைத்தால் ஆர்.ஓ.வுக்கு முன் அழுத்தம் குறைக்கும் வால்வு கட்டாயம், 3 பாருக்கு மேல் போனால் ஃபில்டர் கிண்ணங்களும் டியூப் இணைப்புகளும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதோடு, டிஷ்வாஷரின் வால்வு பட்டென்று மூடும்போது குழாயில் 'டொக்' என்று இடிக்கும். அந்த இடிக்கு ஹாமர் அரெஸ்டர் என்ற சிறு உருளையை அந்த வால்வின் அருகிலேயே போட வேண்டும். தூரத்தில் போட்டால் பயனில்லை.

---

ஸ்பேனர்12

25 ஆம்பியர் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி: ஹீட்டரின் வெந்நீரை டிஷ்வாஷருக்கே கொடுத்தால் அது சூடாக்க வேண்டிய வேலை மிச்சம்தானே? ஓவர்லோடு பிரச்சினையும் தீரும்.

---

முக்கால்இஞ்ச்

60 டிகிரி வரை ஏற்கும் மெஷின்கள் நிறைய உண்டு, கையேட்டில் இருக்கும். ஆனால் ஒரு முறைக்கு மூன்று, நான்கு லிட்டர்தான் எடுக்கும். இரண்டு முறை எடுப்பதற்கு நடுவில் குழாயில் நிற்பது ஆறிவிடும். முன்கழுவலுக்கும் நடு அலசலுக்கும் வெந்நீர் தேவையே இல்லை, அங்கேயும் வெந்நீரே போகும். தவிர, உங்கள் ஹீட்டரை 75-இல் வைத்திருந்தால் அது 60-ஐத் தாண்டிவிடும். இங்கே வேண்டாம்.

ஹீட்டரைப் பற்றிப் பேச்சு வந்ததால்: அதன் குளிர்நீர் வாயில் இருக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டினால் பழுதென்று அடைத்துவிடாதீர்கள். 25-இலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் 2.3 சதவீதம் விரியும். 15 லிட்டருக்கு அது சுமார் 340 மி.லி. அந்த வால்வு தண்ணீரைப் பின்னால் போகவிடாது என்பதால் எங்காவது வெளியேற வேண்டும். சொட்டும் வாயிலிருந்து ஒரு டியூப் இறக்கி, முனை காற்றில் நிற்கும்படி ட்ராப்புக்கு மேலே ஒரு புனலில் விடுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டின் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

---

நீர்ப்பூட்டு

மூன்றாவது பிரச்சினைக்கும் டிஸ்போசருக்கும் பதில்.

டிஷ்வாஷரின் ஃபில்டருக்கு அடியில் கொஞ்சம் தெளிந்த நீர் எப்போதும் இருக்கும், அது சீல்கள் காயாமல் இருக்க. கலங்கலாக, எண்ணெய் மிதந்து, நாறினால் அது சிங்க்கிலிருந்து திரும்பி வந்தது. சோதிப்பது எளிது: சிங்க்கை அடைத்து நிரப்பி, அடைப்பை எடுத்துவிட்டு, மெஷினின் கதவைத் திறந்து பாருங்கள். மட்டம் ஏறினால் உறுதி.

காரணம் பெரும்பாலும் கழிவு ஹோஸ் தரையில் படுத்துக்கிடந்து அப்படியே ட்ராப்புக்குள் நுழைவது. மெஷினிலிருந்து வரும் ஹோஸை மேடையின் அடிப்பக்கம் முட்டும் வரை தூக்கி, அங்கே ஒரு கிளாம்பால் பிடித்து, பிறகு கீழே இறக்கி ட்ராப்பின் சிங்க் பக்கத்து வாயில் இணையுங்கள். நீர்ப்பூட்டுக்கு (ட்ராப்பில் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் நீருக்கு) முன்னால் என்பது முக்கியம். பின்னால் சேர்த்தால் சாக்கடை நாற்றம் நேரே மெஷினுக்குள் போகும். நேர்மாறான தவறும் உண்டு: ஹோஸின் முனையைத் தரைச் சாக்கடையில் விட்டால் சைஃபன் பிடித்து, கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். அதுவும் 'தண்ணீர் வரவில்லை' எரராகத்தான் தெரியும்.

டிஸ்போசர் மாட்டினால் பாட்டில் ட்ராப் உதவாது. அரைத்த கழிவு அதன் கிண்ணத்தில் படிந்து அடைக்கும். 40 மி.மீ. பி ட்ராப் (கிண்ணமில்லாமல் வளைந்த குழாயே நீரைத் தேக்குவது) போடுங்கள். மாட்டும் முன் உயரத்தை அளக்கவும்: மேடை 85 செ.மீ., அதன் கல் 2 செ.மீ. தடிமன், சிங்க் ஆழம் 20 செ.மீ. என்றால் சிங்க்கின் அடி தரையிலிருந்து 63 செ.மீ. அளவில் வரும். டிஸ்போசரின் வெளிவாய் அதற்கும் 15 செ.மீ. கீழே. ஆகச் சுவரில் கழிவுக்குழாயின் மையம் 40 செ.மீ.க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50-இல் இருந்தால் தண்ணீர் டிஸ்போசருக்குள்ளேயே நிற்கும், சுவர்க்குழாயை இறக்காமல் மாட்டவே கூடாது.

டிஷ்வாஷர் ஹோஸை டிஸ்போசரின் பக்கவாட்டு வாயில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அந்த வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். புது டிஸ்போசரோடு மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி உடைத்து, விழுந்த துண்டை உள்ளிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அரைக்கும்போது சிக்கும். சிக்கினால் அடியில் அறுகோணத் துளை இருக்கும், ஆலன் சாவியால் முன்னும் பின்னும் ஆட்டி விடுவித்து, சிவப்பு ரீசெட் பொத்தானை அழுத்தவும்.

ஆர்.ஓ. கழிவு டியூபை டிஸ்போசருக்குப் பிறகு வரும் படுக்கைக் குழாயில் துளைபோட்டுச் சேர்க்காதீர்கள், சிறு துளை கழிவால் அடைத்து, ஆர்.ஓ.வுக்குள் பின்னழுத்தம் ஏறும். ஹீட்டர் சொட்டு நீருக்கு வைத்த புனலிலேயே, நுனி காற்றில் நிற்க, விட்டுவிடுங்கள்.

---

கம்பிச்சுருள்

சாக்கெட் எங்கே வைப்பது என்பதை விட்டுவிட்டேன். பின்சுவரில், ட்ராப்புக்கு நேர் கீழே வேண்டாம். கேபினட்டின் பக்கச்சுவரில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், குழாய் இணைப்புகளுக்கு எதிர்ப்பக்கம். டிஷ்வாஷரின் சாக்கெட் மெஷினுக்குப் பின்னால் போகக்கூடாது, அவசரத்துக்குப் பிடுங்கவே முடியாது. கேபிள் ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு முறை தொங்கி மேலேறி நுழையட்டும். கேபிள் வழியே வடியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பலகையில் கேபிள் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள்.

டிஸ்போசருக்குக் காற்று சுவிட்ச் நல்லது. மேடையில் இருக்கும் பொத்தானுக்கு வருவது காற்று டியூப் மட்டுமே. ஈரக்கைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை.

---

மேடைக்கீழ்

சுவர்க்குழாய் மையம் 38 செ.மீ. ஹீட்டரை 1200 வாட்டுக்கு மாற்றுகிறேன், மேனிஃபோல்டு வைக்கிறேன். எந்த வரிசையில் சோதிப்பது?

---

முக்கால்இஞ்ச்

மின்சாரம் முழுதும் அணைத்து வைத்து முதலில் தண்ணீர். எல்லா வாய்களையும் மூடி, முதன்மை பால் வால்வைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வொரு வாயாக. ஹீட்டர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும் வரை அதன் சுவிட்சைத் தொடவே கூடாது, காலித் தொட்டியில் சூடாக்கும் எலிமென்ட் எரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் காய்ந்த டிஷ்யூ பேப்பர் ஒரு துண்டு வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் வட்டமாகத் தெரியும். அதை இரவு முழுதும் விட்டு, மறுநாள் ஹீட்டரும் டிஷ்வாஷரும் ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு வெந்நீர்ப் பக்கத்து நட்டுகளை மட்டும் மறுபடி தொட்டுப் பாருங்கள். ரப்பர் வாஷர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.